பழைய முகவரி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

வீடு மாறிப் போகிறவர்கள் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். "எங்களைத் தேடி யாராவது வந்தால் இன்ன தெருவில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்பதே அந்தச் சொல். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சொல்லாமல் போய்விட்டாலோ, வெகு தொலைவிலிருந்து தேடி வரும் உறவினர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக நேரும்.

வலைத்தளம் அமைப்பவர்களும் ஒரு பக்கத்தை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றும்போது இத்தகைய ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கணினித் துறையில் அதற்கு 'நிரந்தர வழிமாற்று' என்று பெயர். அந்தச் சொல்லை நான் சொல்ல மறந்தேன். அதனால் எங்கள் செம்மங்குப்பத்தில் ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்பு போயிற்று. அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியில் கணினி படிக்கும் நண்பர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலாண்டில் நான் இக்கல்லூரியில் சேர வந்தபோது எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை. அப்பாவுக்குச் சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் என்னோடு அலைந்ததில் அவருக்கு ஐந்து நாள் கூலி போயிற்று. ஒரு சான்றிதழுக்கு எந்த நகல் வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். அந்த அலைச்சல் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே, முதல் பருவத்தில் வலைநிரல் எழுதக் கற்றதும் வகுப்புத் தோழிகள் இருவரோடு சேர்ந்து ஒரு சிறு வலைத்தளம் அமைத்தேன். பி.எச்.பி. மொழியில் எழுதி, மைசீக்வல் டேட்டாபேஸில் செய்திகளைச் சேர்த்து வைத்தோம். கல்லூரியில் சேர என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன நகல்கள் வேண்டும், உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும் என்று மொத்தம் இருபத்துமூன்று பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண். சான்றிதழ்ப் பக்கத்தின் எண் 7. அந்தப் பக்கத்தின் முகவரியைக் கியூ.ஆர். கோடாக அச்சிட்டு, "பிளஸ் டூ முடித்தவர்கள் கல்லூரியில் சேர இதைப் பாருங்கள்" என்று மேலே எழுதி, ஊரில் டீக்கடைச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினோம். அப்பாவே பசை காய்ச்சிக் கொடுத்தார். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

இரண்டாம் பருவத்தின் முடிவில், ஏப்ரல் மாதத்தில், முகவரிகளை அழகாக அமைக்கும் முறையைச் செய்முறை வகுப்பில் கற்றோம். "பக்கம், கேள்விக்குறி, ஐடி, சமக்குறி, 7" என்று நீளும் முகவரியைப் பார்த்தால் யாருக்கு என்ன புரியும்? "சேர்க்கை, சாய்கோடு, சான்றிதழ்கள்" என்று இருந்தால் பார்த்தவுடன் பொருள் விளங்கும் அல்லவா? ஒரே இரவில் இருபத்துமூன்று முகவரிகளையும் மாற்றினேன். பழைய நிரலை அழித்தேன். பிறகு முகப்பிலிருந்து ஒவ்வொரு லிங்க்காக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாகத் திறந்தன. மன நிறைவோடு தூங்கப் போனேன்.

நான் அழுத்திப் பார்த்தவை யாவும் என் தளத்துக்குள்ளே நானே எழுதியிருந்த லிங்க்குகள். அவற்றை நானே மாற்றியிருந்தேன். ஆகவே அவை திறந்ததில் வியப்பில்லை. டீக்கடைச் சுவரில் இருந்த தாளை நான் மாற்றவில்லை. அச்சான கோட்டுக்குள் பழைய முகவரிதான் இருந்தது. அது அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்னும் நினைவே எனக்கு அன்று வரவில்லை.

மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தன. அடுத்த தெருவில் நான் சித்தி என்று அழைக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய மகள் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறியிருந்தாள். அவள் டீக்கடைச் சுவரில் இருந்த கோட்டைத் தன் அண்ணனின் செல்போனில் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறாள். "நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை" என்று வந்திருக்கிறது. மறுநாளும் பார்த்திருக்கிறாள். அதற்கடுத்த நாளும் பார்த்திருக்கிறாள். மூன்று நாளும் அதே விடை.

அந்த வாக்கியத்தை எழுதியவளும் நான்தான். ஆங்கிலத்தில் இருந்தால் ஊரில் யாருக்கும் புரியாதே என்று நல்ல தமிழில் எழுதி வைத்திருந்தேன்!

எனக்கு இவை எதுவும் தெரியாது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் சித்தியைப் பார்த்தேன்.

"ஏன் சித்தி, பாப்பா காலேஜுக்கு அப்ளை பண்ணலையா?" என்று கேட்டேன்.

"அதான் முடிஞ்சு போச்சேம்மா. நீ ஒட்டின பேப்பர்ல பாத்தா ஒண்ணுமில்லன்னு வருதாம். நீயே எடுத்துட்டேன்னா இனிமே இல்லன்னுதானே அர்த்தம்? அதான் கடலூர்ல ஒரு துணிக்கடையில சேத்து விட்டுட்டோம்" என்றார்.

குடத்தை அப்படியே வைத்துவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். செல்போனை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தேன். "நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை." அதற்குள் விண்ணப்பிக்கும் நாள் முடிந்து, வகுப்புகளும் தொடங்கிவிட்டிருந்தன.

அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்ததும் போய்ப் பார்த்தேன். "ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றேன். "நீங்க எடுத்திருந்தா காரணம் இருக்கும்னு நெனச்சேன் அக்கா" என்றாள். அவள் என்னைக் கடிந்து பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கணினி படிக்கும் நமக்கு 404 என்பது ஒரு பிழை எண். அதைப் பார்த்தவுடன், "எங்கோ லிங்க் உடைந்திருக்கிறது" என்று எண்ணி வேறு வழியில் தேடுவோம். வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தால் அவரைக் கேட்போம். கேட்க ஆளில்லாத வீட்டிலோ அது பிழையாகத் தெரிவதில்லை; அதுவே விடையாகத் தெரிகிறது. "பக்கம் இல்லை" என்பதை அவள் "உனக்கு இடம் இல்லை" என்று படித்தாள். உடைந்த முகவரியால் யார் அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "பழைய முகவரிகளை என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். "அழித்துவிட்டேன் ஐயா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் ஏதாவது இருந்தால், அதில் மாவட்டத்தின் பெயர் என்ன என்று பார்த்துவிட்டு நாளைக்கு வா" என்றார்.

தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கால் காணி நிலத்துக்கான பழைய பத்திரம் ஒன்று இருந்தது. அதில் "தென்னார்க்காடு மாவட்டம், கடலூர் தாலுகா" என்று எழுதியிருந்தது. தென்னார்க்காடு மாவட்டம் என்று இன்று ஒன்று இல்லை. 1993-இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நம் பகுதி 'தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்' ஆயிற்று. மற்றொரு பகுதி விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் ஆயிற்று. 1997-இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது நம்முடையது 'கடலூர் மாவட்டம்' என்று மாறியது. ஆயினும் அந்தப் பத்திரத்தை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினாலும், "தென்னார்க்காடு என்று ஒரு மாவட்டமே இல்லை, போய் வா" என்று எவரும் சொல்வதில்லை. பழைய பெயரைப் படித்தவுடன், இது கடலூரைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு அந்தப் பதிவேட்டை எடுக்கிறார்கள். பெயரை மாற்றியவர்கள் பழைய பெயரை மறந்துவிடவில்லை. நான் பெயரை மாற்றியதோடு பழைய பெயரையும் மறந்துவிட்டேன். இதைத்தான் பேராசிரியர் எனக்குக் காட்ட விரும்பினார்.

கணினியில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்டால், சர்வர் முதலில் மூன்று இலக்க எண் ஒன்றை விடையாக அனுப்புகிறது. 200 என்றால் "கேட்டது இதோ" என்று பொருள். 404 என்றால் "இங்கே இல்லை" என்று பொருள். 301 என்றால் "நிரந்தரமாக வேறிடத்துக்குப் போய்விட்டது" என்று பொருள். அதனுடன் 'லொகேஷன்' என்னும் தலைப்பு வரியில் புதிய முகவரியும் வரும். பிரவுசர் தானே அந்தப் புதிய முகவரிக்குப் போய்ப் பக்கத்தைக் கொண்டு வந்து காட்டிவிடும். பார்ப்பவருக்கு நடந்ததே தெரியாது. 302 என்றால் "தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது" என்று பொருள். இவை இரண்டும் இன்று நேற்று வந்தவை அல்ல. 1996-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. முதற்பதிப்பின் விதிகளிலேயே இவை உண்டு.

இவ்வளவு எளிதா என்று எண்ணி, அவசரப்பட்டு அடுத்த தவற்றைச் செய்தேன். பழைய முகவரி எதைக் கேட்டாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும்படி ஒரே வரியில் 301 எழுதிவிட்டேன். சிதம்பரம் போக வேண்டியவரைக் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, "இங்கிருந்தும் பஸ் உண்டு" என்று சொல்வதைப் போன்றது இது. சான்றிதழ்ப் பட்டியலைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். கூகுள் போன்ற தேடுபொறிகளும் இப்படி எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்புவதை வழிமாற்றாக மதிப்பதில்லை. 'இல்லாத பக்கம்' என்றே கணக்கில் வைக்கின்றன.

இரண்டு நாள் கழித்துத் தவற்றை உணர்ந்து, ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய பக்கத்துக்குத் திருப்பினேன். என் செல்போனில் பார்த்தேன். அப்போதும் முகப்புக்கே போயிற்று. நிரலைப் பத்து முறை படித்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. 301 என்று கேட்டவுடன் பிரவுசர் அதை நம்பித் தன் நினைவில் எழுதிக்கொள்கிறது. "நிரந்தரம் என்று நீயே சொல்லிவிட்டாய், இனி எதற்காக உன்னைக் கேட்க வேண்டும்?" என்று அடுத்த முறை சர்வரைக் கேளாமலே பழைய விடையின்படி போய்விடுகிறது. ஆகவே சர்வரில் நான் செய்த திருத்தம் அந்தச் செல்போன்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த இரண்டு நாளில் ஊரில் யார் யார் அந்தக் கோட்டை ஸ்கேன் செய்தார்கள் என்று விசாரித்து, வீடு வீடாகப் போய், பிரவுசரின் நினைவை அழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். "என்னம்மா, போனுக்குத் தடுப்பூசி போடறியா?" என்று ஒரு தாத்தா கேலி செய்தார்.

நிரந்தரம் என்னும் சொல்லை எளிதாக வாயில் எடுக்கக் கூடாது என்பது அன்று கற்ற பாடம். முதலில் 302 என்று வைத்துச் சில நாள் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று உறுதியான பிறகே 301 என்று மாற்ற வேண்டும். அல்லது இந்த விடையை இவ்வளவு நேரம் மட்டும் நினைவில் வை என்று தலைப்பு வரியில் வரம்பு குறித்து அனுப்ப வேண்டும்.

பின்னர் பேராசிரியரின் யோசனைப்படி முறையாகச் செய்தோம். டேட்டாபேஸில் ஓர் அட்டவணை அமைத்தோம். அதில் பழைய முகவரி, புதிய முகவரி, விடை எண், மாற்றிய நாள் என்று நான்கு கட்டங்கள். ஒரு முகவரி கேட்கப்பட்டால், நிரல் முதலில் அப்பெயரில் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அட்டவணையில் பழைய முகவரிகளுக்குள் தேடும். கிடைத்தால் 301. அங்கும் இல்லையென்றால் மட்டுமே 404. தேடுவதில் நேரம் வீணாகாமல் இருக்கப் பழைய முகவரிக் கட்டத்துக்கு இண்டெக்ஸ் அமைத்தோம். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் எண்ணும் பழைய முகவரியின் பகுதியே என்பதால், அதையும் சேர்த்தே ஒப்பிடும்படி செய்தோம். அதை விட்டுவிட்டால் இருபத்துமூன்று முகவரிகளும் ஒன்றுபோலத் தோன்றும். இனிமேல் ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால், அந்த மாற்றம் அட்டவணையில் தானாகவே ஒரு வரியாகப் பதிவாகிவிடும். மாற்றுகிறவர் மறந்தாலும் நிரல் மறக்காது.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் தலைப்பை நகர்த்தினால், பழைய தலைப்பு 'வழிமாற்று' என்னும் பெயரில் அங்கேயே நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் உள்வேலை சற்று வேறு, கருத்து ஒன்றே. நான் இக்கட்டுரையில் பயன்படுத்தும் சொல்லும் அங்கிருந்து எடுத்ததுதான்.

அட்டவணை அமைத்த பிறகும் சில சிக்கல்கள் வந்தன. அவற்றுக்கும் நம் மாவட்டக் கதையே விளக்கமாக அமைந்தது. கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அது முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் பக்கம் போயிற்று. 2019-இல் தனி மாவட்டம் ஆயிற்று. தென்னார்க்காடு என்று எழுதிய கள்ளக்குறிச்சிப் பத்திரத்தை வைத்திருப்பவரை முதலில் விழுப்புரத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினால் ஒரு நாள் வீணாகும் அல்லவா? முகவரிகளிலும் இத்தகைய சங்கிலி உண்டாகிறது. ஒன்று இரண்டாவதுக்கும், இரண்டாவது மூன்றாவதுக்கும் அனுப்பினால் ஒவ்வொரு படியிலும் சர்வரை மறுபடி கேட்க வேண்டும். சிக்னல் குறைந்த கிராமத்தில் ஒவ்வொரு படியும் காத்திருப்புதான். ஆகவே புதிய வரி சேர்க்கும்போதெல்லாம், பழைய வரிகளையும் நேரே கடைசி இடத்துக்குத் திருப்பி எழுத வேண்டும்.

முதலாவது இரண்டாவதுக்கும், இரண்டாவது மறுபடி முதலாவதுக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? முடிவே இல்லாத சுற்று. இருபது முறை அளவுக்கு அலைந்து பார்த்துவிட்டுப் பிரவுசர் கைவிட்டுவிடும். பழைய பெயருக்கே திரும்பி வரும்போது இந்தப் பிழை எளிதாக நேர்கிறது. அப்போது அந்தப் பெயரில் இருக்கும் பழைய வழிமாற்றை நீக்கிவிட வேண்டும்.

ஒரு பக்கம் இரண்டாகப் பிரிந்தால்? தென்னார்க்காடு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடலூரா விழுப்புரமா என்று சொல்ல முடியாது. தாலுகாவையும் பார்க்க வேண்டும். அது போலவே, எங்கள் உதவித்தொகைப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தபோது, பழைய முகவரியில் ஒரு சிறு பக்கம் வைத்து, "இதற்கு இங்கே, அதற்கு அங்கே" என்று இரு வழிகளையும் காட்டினோம். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 என்னும் எண்ணைக் கொடுத்தோம். "இருந்தது, நாங்கள்தான் எடுத்துவிட்டோம்" என்று அது சொல்லும். ஏன் எடுத்தோம் என்பதையும் கீழே இரண்டு வரியில் எழுதினோம். காரணம் இருக்கும் என்று இனி யாரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

படிவத்தை நிரப்பி அனுப்பும் முகவரியை மாற்றினால் 301 போதாது. பல பிரவுசர்கள் புதிய இடத்துக்குப் போகும்போது நிரப்பிய செய்திகளை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகும். அதற்காகவே 308 என்னும் எண் பின்னர் வகுக்கப்பட்டது. அது செய்திகளையும் சுமந்துகொண்டு போகும்.

கடைசியாக, நிரந்தரம் எவ்வளவு காலம் என்று ஒரு கேள்வி எழும். தளத்தை இடம் மாற்றுபவர்கள் வழிமாற்றுகளைக் கூடியவரை நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது வேண்டும் என்று கூகுள் அறிவுரை கூறுகிறது. அது தேடுபொறியின் கணக்கு. டீக்கடைச் சுவரில் ஒட்டிய தாளுக்கு ஓராண்டு என்ற கணக்கு உண்டா?

அந்தக் கூகுளின் கதையே இதற்கு ஒரு பாடம். அதன் பிளாகர் சேவையில் தமிழர்கள் ஏராளமானோர் வலைப்பூ எழுதினார்கள். 2012 முதல் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களை அது 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' முகவரியிலிருந்து 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரிக்குத் திருப்பி அனுப்பியது. பார்த்தவர்கள் அந்த 'இன்' முகவரியையே நகலெடுத்துக் கடிதங்களிலும் கட்டுரைகளிலும் பிற தளங்களிலும் எழுதி வைத்தார்கள். 2020-இல் அந்த 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயர் கூகுளின் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போயிற்று. வலைப்பூக்கள் பழைய 'காம்' முகவரியில் உயிரோடுதான் இருந்தன. ஆனால் 'இன்' என்று எழுதி வைத்த லிங்க்குகள் எல்லாம் ஒரே நாளில் வழியற்றுப் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், நம் போன்றோர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! பழைய பெயர் நம் கையில் இருக்கும்வரைதான் அங்கிருந்து வழிகாட்ட முடியும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. உலகின் முதல் வலைத்தளம் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவரால் உருவாக்கப்பட்டது. அந்தப் பழைய பக்கங்களைச் செர்ன் நிறுவனத்தார் 2013-இல் அதே பழைய முகவரியில் மறுபடி வைத்தார்கள். நல்ல முகவரி மாறக் கூடாது என்று 1998-இலேயே அந்த அறிஞர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பல ஆண்டுகளுக்குப் பின் வருபவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மாற்றவே வேண்டியிராது என்பது அவர் கருத்து. அதை முன்பே படித்திருந்தால் ஏப்ரல் மாதத்தில் அந்த ஓர் இரவை நான் தூங்கியே கழித்திருப்பேன்.

எங்கள் தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மூவரும் சேர்ந்து இதுவரை கட்டி வருகிறோம். அடுத்த ஆண்டோடு எங்கள் படிப்பு முடிந்துவிடும். பிறகு எங்கே இருப்போமோ தெரியாது. ஆகவே இப்பக்கத்தைப் படிக்கும் முதலாண்டு மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் இருவர் முன்வந்து இந்தத் தளத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய பக்கங்கள் எழுதுவதும், அழகுபடுத்துவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த வழிமாற்று அட்டவணையிலிருந்து ஒரு வரியைக்கூட நீக்கிவிடாதீர்கள். பெயரைப் புதுப்பிக்க மறவாதீர்கள். அட்டவணையின் நகல் ஒன்றைத் துறை நூலகத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம்.

பொங்கல் விடுமுறையில் அந்தத் தங்கையை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். தாள் வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து, பாதி மேல் ஒரு சினிமாச் சுவரொட்டி ஏறியிருந்தது. கோடு மட்டும் தப்பியிருந்தது. அவளே செல்போனை நீட்டினாள். ஒரு நொடியில் சான்றிதழ்ப் பக்கம் திறந்தது. அவள் அதைக் கடைசி வரி வரை படித்தாள். துணிக்கடைச் சம்பளத்தில் விண்ணப்பக் கட்டணத்தைத் தனியே எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். வருமானச் சான்றிதழுக்கு மறுவாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

வருகிற மே மாதம் அவள் விண்ணப்பிக்கப் போகிறாள். போன ஓராண்டை அவளுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தச் சுவரில் அந்தத் தாள் இருக்கும்வரை, அதைப் பார்ப்பவருக்கு வழி கிடைக்கும் என்று மட்டும் சொல்ல முடியும். அதைக் காப்பாற்றுவதில் எனக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.